பர்கண்டி மேரி பிரெஞ்சு இளவரசரை மணந்திருந்தால்?

பிரான்ஸை ஒட்டியிருந்த பர்கண்டி என்ற டியூக் அரசின் வாரிசு மேரி, பிரான்ஸின் பட்டத்து இளவரசர் சார்லஸை மணந்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா? நிச்சயம் மாறியிருக்கும்.

1477 ஜனவரியில் நான்சிப் போரில் தந்தை இறந்தபோது மேரிக்கு 19 வயது, இளவரசருக்கு 6. பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி தன் மகனான அந்த இளவரசருக்குப் பெண் கேட்டார். கூடவே படையனுப்பி பர்கண்டியையும் பிடித்தார். அவருடைய பெரிய பிழை அதுதான் என்பேன். ஆகஸ்டில் மேரி, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியனை மணந்தார்.

லூயி கேட்டது நடந்திருந்தால் மேரி வசமிருந்த ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நெசவு நகரங்களும் ஹாலந்தும் சண்டையில்லாமலே பிரெஞ்சு முடியின் கீழ் வந்திருக்கலாம். மேரி-மாக்சிமிலியன் தம்பதியின் பேரனான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிறந்திருக்கவே மாட்டார். 1525இல் இத்தாலியின் பாவியாவில் பிரெஞ்சு மன்னரையே சிறைபிடித்தது அவர் படை.

சரி, ஒரு சிக்கலும் உண்டு. 1482இல் மேரி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அதே விபத்து அப்போதும் நடந்திருந்தால், 11 வயதுக் கணவருக்கு வாரிசு ஏது?