பீர் கிட் போட்டால் ஆப்பிள் சாறு மாதிரி வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: 40 பைண்ட் டின் கிட் (தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்து வீட்டிலேயே பீர் போட, முளைகட்டிய பார்லியான மால்ட்டின் பாகு அடைத்து வரும் டின்), ஒரு கிலோ சர்க்கரை, தாளில் போட்டிருந்தபடியே எல்லாம் செய்தும் பீர் தண்ணியாக, பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒரு வாடையோடு வருகிறது. பைண்ட் கணக்கில் பேசுவதால் நீங்கள் இங்கே பிரிட்டனில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வாடகை வீடாகவும் இருக்கலாம். அதற்கும் பின்னால் வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு ஒருவர் ஏற்கெனவே "கிட் பீர்னா அப்படித்தான் இருக்கும், தூக்கிப் போட்டுட்டு கடையில வாங்கிக் குடிங்க" என்று பதில் எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட ஆதரவு வாக்குகள் வேறு. அதைப் படித்த பிறகு என்னால் சும்மா போக முடியவில்லை. ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் செல்லரில் பல வருடங்களாக கிட் பீர் போடுகிறேன். போடுவது நான்தான், என் கணவர் குடிப்பதே இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு வருகிறவர்கள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு "சூப்பர் பாஸ், எப்படிப் பண்ணீங்க?" என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். அவர் என்னைக் கை காட்டினாலும் அடுத்த கேள்வியும் அவரிடமே போகிறது. இந்த நாட்டில் 14ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஊருக்கு ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கேட்டவர் ஏற்கெனவே வாங்கிக் காய்ச்சிவிட்டு, ஏன் நன்றாக வரவில்லை என்று கேட்கிறார், அதற்குத்தான் பதில். பிரிட்டனில் 1880இலிருந்து வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் வரி கிடையாது, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

இனி விஷயம். பீர் நொதிக்க வைத்த உங்கள் வாளி எங்கே இருந்தது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஹீட்டர் பக்கத்திலோ, வெந்நீர் டேங்க் இருக்கும் அலமாரியிலோ இருந்திருக்கும் என்பது என் ஊகம். நம் ஆட்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்க வேண்டும் என்று ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைத்துப் பழகிய கை நம்முடையது. புளிக்கிற எதையும் சூடான இடத்தில் வைத்தால்தான் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. பீருக்கு அது நேர் எதிர்.

சூடு கூடினால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும், அது உண்மை. ஆனால் அந்த வேகத்தில் வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர் என்ற வேதிப்பொருள்களும், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கில் ஏறும் கனமான ஆல்கஹால்களும் கூடவே உண்டாகும். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18இலிருந்து 20 டிகிரி போதும். கிட்டோடு வரும் தாளில் 25, 27 வரை போகலாம் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது என்ற அளவில் அது சரி, சுவைக்கு அது வழிகாட்டி இல்லை. இன்னொன்று, நொதிக்கும்போது வாளிக்குள் தானாகவே சூடு பிறக்கும். முதல் மூன்று நாளில் அறை 21 என்றால் வாளி 24, 25 காட்டும். அறையின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வாளியின் வயிற்றில் ஒட்டுகிற பட்டை வெப்பமானி மலிவாகக் கிடைக்கும், அதை ஒட்டுங்கள்.

இதை நான் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. 2022 ஜூலை ஞாபகம் இருக்கும், லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாகி நாடே தவித்த வெயில். அந்த வாரம் வேண்டுமென்றே ஒரே ரக கிட் இரண்டு போட்டேன். ஒரே கடை, ஒரே காலாவதி தேதி, ஒரே தண்ணீர், அதே ஈஸ்ட். ஒரு வாளி மாடி அறையில், இன்னொன்று செல்லரில். மாடி வாளியின் பட்டை 29ஐத் தாண்டியது. மறுநாள் காலையிலேயே ஏர்லாக் (மூடியில் இருந்து வாயுவை வெளியே மட்டும் விடும் சின்னக் குழாய்) வழியாக நுரை கக்கி, மூடியைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. செல்லர் வாளி 19இல் அமைதியாக இருந்தது. மூடியில் காதை வைத்தால் மட்டும் சோடா திறந்த மாதிரி ஒரு சத்தம்.

இரண்டையும் ஒரே நாளில் பாட்டிலில் அடைத்து, ஆறு வாரம் கழித்து பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூட்ஸ் மருந்துக்கடையில் பீர் கிட் விற்ற காலத்திலேயே வாங்கிக் காய்ச்சியவர். எது எந்த வாளி என்று சொல்லாமல் இரண்டு கிளாஸ் ஊற்றி வைத்தேன். மாடி பீரை மூக்குக்கிட்டே கொண்டுபோனதுமே கீழே வைத்துவிட்டார், "இதில் பெயிண்ட் வாடை அடிக்கிறது" என்றார். மற்றதை முழுக்கக் குடித்துவிட்டு, இது எந்தக் கம்பெனியுடையது, அதே டின் இன்னும் கடையில் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் ஒரே டின் என்று சொன்னபோது நம்பவில்லை. காலி டின்கள் இரண்டையும் எடுத்துவந்து மேஜையில் வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். "கிட் பீர்னா அப்படித்தான்" என்று எழுதியவருக்கு என் பதில் இதுதான்.

எல்லோர் வீட்டிலும் செல்லர் இருக்காது, தெரியும். துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வாளியை இறக்குங்கள். வெயில் நாளில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். முதல் நான்கு நாள் இதைச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது உங்கள் ஆப்பிள் வாடை. அதற்குப் பெயர் அசிட்டால்டிஹைடு. நொதித்தலின் நடுவில் ஈஸ்ட் அதை உண்டாக்கும். அவசரப்படாமல் விட்டால் அதுவே பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். ஆறாம் நாள் ஏர்லாக் நின்றுவிட்டது என்று நீங்கள் பாட்டிலில் அடைத்திருந்தால் இந்த வாடை வரத்தான் செய்யும். ஏர்லாக்கை நம்பவே நம்பாதீர்கள். மூடி சரியாகப் பிடிக்காத வாளியில் குமிழி வராமலேயே நொதித்தல் நடந்துகொண்டிருக்கும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். தொடக்கத்தில் 1.042 இருந்து 1.010இல் வந்து நின்றால் சுமார் 4.2 சதவீதம் ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தும் அதே எண் காட்டினால்தான் முடிந்ததாக அர்த்தம். நான் எப்போதும் இரண்டு வாரம் வாளியிலேயே விட்டுவிடுவேன். சீக்கிரம் அடைத்தால் சுவை மட்டுமல்ல, உள்ளே மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலிலேயே நொதித்துக் கண்ணாடி வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணியாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு கிலோ சர்க்கரை. ஈஸ்ட் அதை முழுசாகத் தின்றுவிடும், நாக்கில் நிற்க ஒன்றும் மிஞ்சாது. சர்க்கரைக்குப் பதிலாக உலர்ந்த மால்ட் பவுடர் போடுங்கள்; விலை அதிகம் என்றால் பாதிக்குப் பாதி. 23 லிட்டர் வரை நிரப்பாமல் 20, 21இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு டின் உள்ள 3 கிலோ கிட் வாங்கிவிடுங்கள், அதற்குச் சர்க்கரையே வேண்டாம்.

மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட் பாக்கெட் பெரும்பாலும் ஆறேழு கிராம்தான் இருக்கும். எந்தக் குடோனில் எத்தனை வெயில் பார்த்ததோ! அதை ஒதுக்கிவிட்டு நாட்டிங்ஹாம் ஏல் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட்டோ, யூஎஸ்-05 என்ற 11.5 கிராம் பாக்கெட்டோ போடுங்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் மட்டும் வாளியை நன்றாகக் கலக்கிக் காற்று ஏற்றுங்கள், பிறகு தொடாதீர்கள். லாகர் (குளிரில் நொதிக்க வைக்கும் பீர் வகை) கிட் என்று போட்டிருந்தாலும் உள்ளே பல சமயம் ஏல் ஈஸ்ட்தான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்று தண்ணீர். பீரில் என்றாவது டெட்டால் வாடை அடித்தால் அது குளோரின் வேலை. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினோ, பாத்திரம் கழுவிவிட்டுச் சரியாக அலசாத பிளீச்சோ மால்ட்டோடு சேர்ந்து அந்த வாடையை உண்டாக்கும். வெறும் குளோரின் கொதிக்க வைத்தால் போய்விடும். லண்டன் பக்கம் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் போடுகிறார்கள், அது லேசில் போகாது. கேம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரையில் பாதியைப் பொடித்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்தால் இரண்டுக்கும் தீர்வு. கழுவுவதற்கு பிளீச்சை விட்டுவிட்டு, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றேன் அல்லவா, அதைச் சொல்லாமல் விட முடியாது. முன்பு இருந்த வீட்டில் ஆய்வுக்கு வந்த ஏஜென்சி ஆள் மாடிப்படிக்கடியில் இருந்த என் வாளியைப் பார்த்துவிட்டார். காலி செய்யும்போது "மது தயாரித்ததால் சுவரில் ஈரமும் துர்நாற்றமும்" என்று எழுதி டெபாசிட்டில் பெரிய தொகையைப் பிடித்தார்கள். அந்த ஈரம் கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகியதால் வந்தது. நானே இரண்டு முறை மின்னஞ்சலில் புகார் செய்திருந்தேன், யாரும் வந்து பார்க்கவில்லை. இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில்தான் வைக்க வேண்டும், தகராறு வந்தால் அங்கேயே காசில்லாமல் முறையிடலாம். நான் முறையிட்டேன். குடிபுகுந்த அன்று எடுத்த படங்களையும் அந்த மின்னஞ்சல்களையும் இணைத்தேன், பணம் முழுசாகத் திரும்பி வந்தது. வந்தாலும் ஆத்திரம் தீரவில்லை. ஆங்கிலத்தில் சண்டை போடத் தயங்கும் எத்தனை பேரிடம் இப்படிப் பிடித்திருப்பார்கள்? நீங்கள் வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், சுவர்களை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

எல்லாம் தானியத்திலிருந்தே காய்ச்சுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பீர் இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாலை நேரத்தில் முடிக்க வேண்டியவர்களுக்கு கிட் தேவை. அதிலும் நல்ல பீர் வரும் என்பதுதான் என் கட்சி.

இப்போது கையில் இருக்கும் பாட்டில்களைக் கொட்டிவிடாதீர்கள். ஒன்றைத் திறந்து பாருங்கள். நுரை பீறிட்டு வந்தால் மற்றவற்றின் மூடியை, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு லேசாகத் தளர்த்தி வாயுவை விட்டு மறுபடி மூடுங்கள். அப்படி இல்லையென்றால் ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம், வெளிச்சம் படாத இடத்தில் விடுங்கள். ஆப்பிள் வாடை பெருமளவு குறையும். வாழைப்பழ வாடை அவ்வளவாகக் குறையாது, பெயிண்ட் வாடையும் அப்படித்தான். டெட்டால் வாடை அடித்தால் மட்டும் காத்திருந்து பயனில்லை, கொட்டிவிடலாம். அடுத்த வாளி போடும்போது முதல் மூன்று நாள் பட்டை வெப்பமானி என்ன காட்டியது என்று காலை, மாலை குறித்துவைத்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.