ரோபோவா, தங்க மூட்டா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. ஏழு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி. ஊசி, எண்ணெய், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கால்கள் வில் மாதிரி வளைந்துவிட்டன, தெருமுனைக் கடைக்குக்கூட நடக்க முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பத்து வருடத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு முட்டியையும் ஒரே நாளில் ரோபோ மூலம் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அதற்கு முட்டிக்கு 80 ஆயிரம் ரூபாய் கூடுதல். ‘கோல்டு’ மூட்டு வைத்தால் ஆயுசுக்கும் வருமாம். ரோபோ தவறு செய்யாதா? அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மறுபடி பழனி படி ஏறலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தொடை எலும்பில் கம்பி என்று, அது இல்லாவிட்டால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் அறுவை சிகிச்சை தேவையா என்பது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தேவை என்றுதான் தோன்றுகிறது. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தால் இனி ஊசிகளுக்குச் செலவழிப்பதில் பலனில்லை.

சரி, ரோபோ. சினிமாவில் வருகிற மாதிரி ஒரு பொம்மை வந்து காலை அறுக்கும், டாக்டர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். நடப்பது அப்படி அல்ல. உதாரணத்துக்கு மேக்கோ என்ற இயந்திரம். அறுவைக்கு முன்பே காலை சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் அவருடைய எலும்பின் முப்பரிமாண உருவத்தைச் செய்துகொள்வோம். எந்த அளவு மூட்டு, எங்கே எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்று அதிலேயே திட்டம் போட்டுவிடலாம். அறுவையின்போது தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சிறு ஊசிகள் பொருத்துவோம். அவற்றின் மேல் இருக்கும் அடையாளங்களைக் கேமரா பார்த்து, கால் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். ரம்பத்தைப் பிடித்து வெட்டுவது டாக்டரின் கைதான். திட்டமிட்ட எல்லையைத் தாண்டப் போனால் இயந்திரக் கை முரண்டு பிடிக்கும், ரம்பம் நிற்கும். ரோசா என்ற இன்னொரு இயந்திரத்தில், ரம்பத்துக்கு வழிகாட்டும் அச்சை இயந்திரம் சரியான இடத்தில் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். கியூவிஸ் என்ற இயந்திரம் தானாகவே எலும்பைச் செதுக்கும் வகை. அதிலும் திட்டம் டாக்டருடையது, நிறுத்தும் பொத்தான் டாக்டர் கையில்.

ஆக, ரோபோ தவறு செய்யாதா என்ற கேள்வியை, போடுகிற திட்டம் சரியாக இருக்குமா என்று மாற்றிக் கேட்க வேண்டும். தவறான திட்டத்தையும் அது அச்சுப் பிசகாமல் நிறைவேற்றிவிடும்!

இந்தத் துல்லியத்தால் என்ன லாபம்? இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நேர்கோடு போட்டால் அது முட்டியின் நடுவே போக வேண்டும், அல்லது மூன்று டிகிரிக்குள்தான் விலகலாம் என்பது காலங்காலமாக நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ரோபோ உதவியோடு செய்தால் இந்தக் கணக்கு தப்புவது குறைகிறது. இதில் சந்தேகமில்லை. ஆனால் நோயாளிக்கு அது தெரிகிறதா என்பது வேறு கேள்வி. தென் கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோடாக் என்ற பழைய இயந்திரத்தாலும் மறு பாதிக்கு வழக்கமான முறையிலும் முட்டி மாற்றினார்கள். பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி, நடை, மூட்டின் ஆயுள் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோபோடாக் 1992-ல் அமெரிக்காவில் இடுப்பு மூட்டு அறுவையில் முதன்முதலாக மனிதர்களுக்குப் பயன்பட்ட இயந்திரம். இன்றைய இயந்திரங்கள் அதைவிட எவ்வளவோ மேல். முதல் சில வாரங்களில் வலி குறைவு, நடை சீக்கிரம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நான் இரண்டு முறையிலும் செய்கிறேன். கடன் வாங்கி ரோபோ வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது அந்தக் கம்பி. வழக்கமான முறையில் தொடை எலும்பின் உள்குழாய்க்குள் ஒரு நீண்ட கோலைச் செலுத்தி, அதை வைத்துத்தான் வெட்டும் கோணத்தைத் தீர்மானிப்போம். உங்கள் அம்மாவுக்கு வலது பக்கம் அந்தக் குழாயில் ஏற்கெனவே கம்பி இருக்கிறது. கோல் போகாது. எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தாலும் கோல் தப்பான திசையைக் காட்டும். கம்பியை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். ரோபோவுக்குக் கோலே தேவையில்லை. ஆகவே வலது முட்டிக்கு ரோபோ என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் நேவிகேஷன் என்று இதற்கு முந்தைய தலைமுறைக் கருவி ஒன்று உண்டு. அதுவும் கோல் இல்லாமல் இதே வேலையைச் செய்யும், இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இடது முட்டிக்கு ரோபோ கட்டாயம் இல்லை. கம்பியின் கீழ்முனையும் திருகாணிகளும் முட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று தொடை முழுவதும் தெரியும்படி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், சில சமயம் திருகாணியை மட்டும் கழற்ற வேண்டியிருக்கும். பழைய அறுவை நடந்த இடத்தில் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் அவசியம். இதை விட்டுவிட்டு எந்த ரோபோவைக் கொண்டுவந்தும் பயனில்லை.

இரண்டு முட்டியும் ஒரே நாளில் என்பதில் எனக்குத் தயக்கம். இதயம் திடமாக இருக்கிறவர்களுக்குச் செய்கிறோம்தான். 66 வயது, சர்க்கரை, ஒரு பக்கம் பழைய கம்பி என்னும்போது ஒன்றை முடித்து, இரண்டு மூன்று மாதம் விட்டு அடுத்ததைச் செய்வதே என் வழக்கம். அதற்கு முன் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, 7.5-க்குக் கீழே வரட்டும். சொத்தைப் பல் இருந்தால் பார்த்துவிடுங்கள். பல்லிலிருந்தும் பாதத்துப் புண்ணிலிருந்தும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேரும், அப்புறம் அதை விரட்டுவது பெரும் பாடு.

‘கோல்டு’ மூட்டில் பொட்டுத் தங்கம்கூடக் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சு பூசினால் உலோகம் பொன் நிறமாக மின்னும், அதற்கு வைத்த பெயர். கவரிங் வளையல் போட்டால் தோல் அரித்துத் தடிக்கிறவர்களுக்கு, அதாவது நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அதை யோசிக்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையே போதும். உண்மையில் தேய்வது உலோகங்களுக்கு நடுவே வைக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தட்டு. முழு முட்டி மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு 25 வருடம் தாங்குகிறது என்று 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் சாதாரண உலோகத்தை வைத்துப் பார்த்த கணக்கு அது. உங்கள் அம்மாவுக்கு அப்போது 91 வயது. ‘ஆயுசுக்கும் வரும்’ என்பதற்குத் தனிக் காசு எதற்கு?

விலையில் கவனமாக இருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டுக்கு, உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியத்துக்கு ₹54,720, டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு ₹76,600, ஜி.எஸ்.டி. தனி. பிறகு தொகைகளில் திருத்தம் வந்தாலும் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. பில்லில் இம்ப்ளான்ட் விலை, கம்பெனி, பேட்ச் எண் எல்லாம் தனியாக வர வேண்டும். ரோபோ கட்டணத்துக்கு அந்த வரம்பு கிடையாது. இன்னொன்று: பெரும்பாலான ரோபோக்கள் தங்கள் கம்பெனி மூட்டோடு மட்டும்தான் வேலை செய்யும். ரோபோவைத் தேர்ந்தெடுத்தால் மூட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூட்டு வரும் பெட்டியில் ஸ்டிக்கர்கள் இருக்கும், கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஒரு பிரதி வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். 2010-ல் டீப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, அதை வைத்துக்கொண்ட இந்திய நோயாளிகள் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

செலவு மலைப்பாக இருந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டையோடு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டுங்கள். எங்கே போனாலும் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: உள்ளே கம்பி இருக்கிற காலில் இதற்கு முன் எத்தனை முட்டி மாற்றியிருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள்.

அறுவை முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். முட்டி மடங்குவது முதல் ஆறு வாரப் பயிற்சியில்தான் இருக்கிறது. மகள் பாவம் பார்த்து ‘போதும்மா, வலிக்குது, விடு’ என்று சொல்லிவிட்டால் மூட்டு இறுகிவிடும். ரோபோ வைத்தவர்களுக்கும் இதில் சலுகை இல்லை. சம்மணம் போட்டு உட்காருவதையும் இந்தியன் டாய்லெட்டையும் விட்டுவிட வேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.

பழனிக்கு வருவோம். இரண்டு முட்டியும் முடிந்து ஆறேழு மாதம் போகட்டும். யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். முட்டிக்கு அதிகப் பாரம் இறங்கும்போதுதான். அதனால் தரிசனம் முடிந்ததும் வின்ச் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.