ஐஐஎம் இருக்கிற ஊரில் பாரதிதாசன் மேலாண்மைப் பள்ளி எதற்கு?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்துவிட்டு எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வுக்குப் படிக்கிறாள். திருச்சியிலேயே ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) இருக்கும்போது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியான பிம்-முக்கும் ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று என் தம்பி கேட்கிறான். ஐஐஎம் வந்த பிறகு அதற்கென்று தனியாக ஒரு வேலை இருக்கிறதா?
- வாசகி, மணப்பாறை

பதில்: விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் அம்மா, ஒரே கேட் மதிப்பெண்ணை வைத்து இரண்டு கதவையும் தட்டலாம். உங்கள் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி, அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல் வந்தது, இரண்டே வருடத்தில், 1984-இல், பெல் (BHEL) பொதுத்துறை நிறுவனத்தின் வளாகத்துக்குள் மேலாண்மைப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஐஐஎம் கிடையாது, பக்கத்தில் என்றால் பெங்களூருதான். திருச்சிக்கு ஐஐஎம் வந்தது 2011-இல். நடுவில் இருக்கிற 27 வருடமும் கேட் எழுதி திருச்சிக்குப் படிக்க வந்தவர்களில் நிறையப் பேருக்கு பிம்தான் விலாசம்.

அப்புறம் இன்னொன்று. ஐஐஎம் நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கும், நாடு முழுவதற்கும் அனுப்பும், அதற்காக உருவாக்கப்பட்டது அது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ சட்டப்படியே எல்லை உண்டு. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மாவட்டங்கள் போகும். அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் பட்டறைக்காரரும் விவசாயியும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது அதன் கடமை என்றே நான் நினைக்கிறேன். பிம் படித்தவர்கள் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிறார்கள், போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் பள்ளியே மனதளவில் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அரசுப் பல்கலைக்கழகம் என்றவுடன் கட்டணம் கலைக்கல்லூரி மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கேயும் லட்சக்கணக்கில்தான். கல்விக் கடனுக்கு இப்போதே வங்கியில் பேசி வையுங்கள்.

கேள்வி: துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் 40 பேர், இப்போது 9 பேர். செய்த வேலைக்குப் பணமும் வராமல் நிற்கிறது. மேலாண்மைப் பள்ளி எங்கள் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதனால் எங்களுக்கு என்ன பயன் என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.
- வாசகர், திருவெறும்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் சொந்தக்காரர் ஒருவரும் அந்தப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர், அதனால் நீங்கள் எழுதாமல் விட்டதும் புரிகிறது. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய ரேட் சீட்டு இருக்கும், டன்னுக்கு இவ்வளவு என்று. இரும்பை ஆர்டர் கொடுக்கிறவரே தருவார், டிராயிங் அவர் தருவார், ஆய்வு செய்ய அவர் ஆளே வருவார். இவர் வெட்டி, வளைத்து, வெல்டிங் போட்டு, லாரியில் ஏற்றினால் டன் கணக்குக்குக் கூலி வந்துவிடும். 1965-இல் தொடங்கிய பெல் பாய்லர் ஆலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் இப்படித்தான் வளர்ந்தன. வெல்டிங்கில் உங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் சொந்தமாக இரும்பு வாங்கிப் பழக்கமில்லை, விலைப்புள்ளி போட்டுப் பழக்கமில்லை, புது வாடிக்கையாளரைத் தேடிப் போய்ப் பழக்கமில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. அப்புறம் 2012-ஐ ஒட்டி அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கின பாருங்கள், அன்றைக்குத்தான் தெரிந்தது, கையில் மிஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விற்கத் தெரியவில்லை என்பது.

இது முழுக்க முழுக்க மேலாண்மைப் பாடம் சார். ஒரு டன்னுக்கு உங்களுக்கு உண்மையில் என்ன அடக்கம், மின்கட்டணமும் வட்டியும் சும்மா நிற்கிற கிரேனும் சேர்த்து? வாடிக்கையாளர் ஒருவரே என்றால் அந்த ஆபத்துக்கு என்ன விலை வைப்பது? சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, காற்றாலைக் கோபுரம் என்று யாரிடம் போய் நிற்பது? மாணவர்களுக்கு இரண்டு மாத கோடைக்காலப் பயிற்சி இருக்கிறது. அதில் இரண்டு பேரை உங்கள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் இதற்கெல்லாம் விடை வரும். அவர்களாக வரமாட்டார்கள். உங்கள் சிறுதொழில் சங்கத்தின் கடிதத்தாளில், இன்ன வேலை, இத்தனை வாரம், உதவித்தொகை இவ்வளவு என்று எழுதிக் கொண்டுபோய்ப் பயிற்சிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக "உதவி வேண்டும்" என்று போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூடவே ஒன்று. பணம் வராமல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2006-ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. சிறுதொழில்களுக்கான உத்யம் அரசுப் பதிவு இருந்தால் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். 'போட்டால் அடுத்த ஆர்டர் வராதே' என்பீர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டிலிருந்து ஒரு மாற்றம் வந்தது: குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. பிப்ரவரியிலேயே அவருடைய ஆடிட்டருக்கு இதை நினைவுபடுத்தி ஒரு கடிதம் போடுங்கள். சண்டை வராது, பணம் வர வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. எம்.பி.ஏ. வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது.
- மாணவர், அரியலூர்

பதில்: முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும் தம்பி, இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் ஒரு வணிகச் செய்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதை நண்பனிடம் சத்தமாகச் சொல்லுங்கள், ஆறு மாதம் விடாமல். கேட் பெரிய மலையாகத் தெரிந்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது, அந்த மதிப்பெண்ணில் கலந்தாய்வு வழியாகக் கல்லூரி எடுக்கலாம். இரண்டையும் எழுதுங்கள். உங்கள் ஊர் சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டுபவர் வாடகை எப்படிப் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அதைத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொன்னாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: கரூரில் 1916-லும் 1926-லும் வங்கி தொடங்கியவர்கள் எம்.பி.ஏ. படித்தவர்களா? நம் ஊர் வியாபாரிக்கு இந்தப் படிப்பு சொல்லித்தர என்ன இருக்கிறது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் கும்பகோணத்தில் 1904-லேயே சிட்டி யூனியன் வங்கி வந்துவிட்டதே ஐயா, அதை விட்டுவிட்டீர்களே! படிக்காமலே செய்து காட்டினார்கள், உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி இன்றைக்கு இல்லை. கரூர் வியாபாரிகள் தொடங்கி, ஊர் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்களில் அடிபட்டது. 2020 நவம்பர் 17-ஆம் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தார்கள். 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்துவிட்டது. டெபாசிட் பணம் பிழைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. தாத்தா வாங்கி வைத்த பங்கு, பெண் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பங்கு, எல்லாம் பூஜ்யம்.

நம் பக்கத்து மேலாண்மைப் பள்ளி ஒன்று இதைப் பாடமாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. கரூரில் பழைய கிளை மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள், கடன் வாங்கிய திரைச்சீலை ஏற்றுமதியாளர்கள், பஸ் பாடி கட்டுகிறவர்கள், பங்கு போனவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கு, திருச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர பஸ் பயணம்.