எட்டு வரிக் கவிதைக்கு எதற்கு இரண்டு பக்க நோட்ஸ்?

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் புத்தகத்தில் ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ' என்று எட்டே வரியில் ஒரு கவிதை. கைடில் உள்ள இரண்டு பக்க விளக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனாலும் கவிதை வரியைக் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் ஐந்துக்கு இரண்டுதான் வாங்குகிறாள். நான் தமிழ் வழியில் படித்தவள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (மதுரையிலிருந்து ஒரு தாய்)

பதில்: முதல் வேலையாக அந்தக் கைடை எடுத்துப் பரணில் போடுங்கள். கவிதையில் மொத்தம் 34 சொற்கள்தான், அதிலும் இரண்டைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். இதற்கு இரண்டு பக்க விளக்கம் எழுத வேண்டுமென்றால் கவிதையில் இல்லாததை எல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டினால்தான் முடியும். கைடு செய்வது அதைத்தான், உங்கள் மகள் மனப்பாடம் செய்ததும் அதைத்தான். கேள்வியோ வரியில் இருப்பதைக் கேட்கிறது.

தமிழ் வழியில் படித்தவள் என்று தயங்காதீர்கள், இந்தக் கவிதைக்கு அது வசதியே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான்: பனி மூடிய ஒரு நாளில் ஒருவர் மரத்தடியில் நிற்கிறார், அல்லது அந்தப் பக்கமாக நடக்கிறார். கிளையில் இருந்த காகம் அசைந்ததில் பொடிப்பனி அவர் மேல் உதிர்கிறது. அந்த உதிர்ப்பில் அவர் மனநிலை மாறுகிறது, நொந்துகொண்டிருந்த நாளில் கொஞ்சம் பிழைக்கிறது. அவ்வளவே. 'பனியைப் பார்த்ததே இல்லையே, எப்படிப் புரியும்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழை விட்ட பிறகு வேப்பமரத்தடியில் போகும்போது ஒரு பயல் கிளையைப் பிடித்து உலுக்கிவிட்டு ஓடுவானே, சில்லென்று பிடரியில் விழுமே, அந்த நொடியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எரிச்சல் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடும் பாருங்கள், அந்த இடம்தான் இந்தக் கவிதை.

இனி படிக்கும் முறை. எட்டு வரியும் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியம். அதை எட்டு வரியாக அல்ல, ஒரு வாக்கியமாக ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் 'இதில் எழுவாய் எது?' என்று கேளுங்கள். பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் 'காகம்' என்பார்கள். இல்லை. தொடக்கத்திலேயே 'தி வே' என்று இருக்கிறது: காகம் பனியை உதிர்த்த 'விதம்'தான் எழுவாய். மனதை மாற்றியது காகம் அல்ல, பனி அல்ல, மரம் அல்ல, அது நடந்த விதம். இந்த ஒன்று பிடிபட்டால் வரி சார்ந்த கேள்விகளில் பாதி தானாக விடை தரும்.

அடுத்தது காலங்கள். காகம் உலுக்கியது சாதாரண இறந்தகாலம். மனநிலையை மாற்றித் 'தந்திருக்கிறது' என்பது இப்போதும் அந்த மாற்றம் இருக்கிறது என்று சொல்லும் வடிவம். கடைசியில் வரும் 'ஹேட் ரூட்' (had rued) இவை எல்லாவற்றுக்கும் முன்பே நடந்தது, அதாவது காகம் வருவதற்கு முன்பே மனிதர் நொந்துபோய் இருந்தார். எட்டு வரிக்குள் மூன்று காலப்படிகள். நாள் மோசமாகப் போய்க்கொண்டிருந்தது என்ற செய்தியைக் கவிஞர் கடைசிச் சொல் வரை ஒளித்து வைத்திருக்கிறார், அதைக் கவனித்து எழுதும் மாணவர் அரிது.

அந்த 'ரூட்' இருக்கிறதே, அது பெரிய கண்ணி. மரியாதையில்லாமல் பேசுவதைச் சொல்லும் சொல்லும் (rude) அதே ஒலியில்தான் இருக்கும், பிள்ளைகள் 'நாள் என்னிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டது' என்று எழுதிவிடுகிறார்கள். இது வேறு சொல், எழுத்தும் வேறு (rued). 'இப்படி ஆகிவிட்டதே' என்று வருந்துவது, நொந்துகொள்வது. இதிலேயே இன்னொரு சின்ன ஆபத்து உண்டு. எழுத்தைப் பார்த்தால் 'மூட்' (mood) என்ற சொல்லோடு இயைபு, அதாவது வரியின் கடைசி ஒலி, சேராத மாதிரி தெரியும், வாயால் சொன்னால் சேரும். இயைபைக் கண்ணால் தேடாமல் காதால் தேட வேண்டும். ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும், இரண்டாவதும் நான்காவதும் சேரும். இரண்டாம் பத்தியிலும் அப்படியே, வேறு ஒலிகளோடு.

மரத்துக்கு வருவோம், இங்கேதான் கைடுகள் புகுந்து விளையாடுகின்றன. 'ஹெம்லாக்' என்றால் நச்சுச் செடி, சாக்ரடீஸ் குடித்தது, ஆகவே மரணத்தின் குறியீடு என்று ஓடுவார்கள். சாக்ரடீஸ் கதையில் வருவது வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி. ஃப்ராஸ்ட் 'ஹெம்லாக் மரம்' என்றே எழுதியிருக்கிறார். அது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், அவர் பண்ணை வைத்திருந்த நியூ ஹாம்ப்ஷயரில், சாதாரணமாக வளரும் ஊசியிலை மரம். நஞ்சு கிடையாது. இலையைக் கசக்கினால் அந்தச் செடியின் வாசம் அடிக்கிறது என்று வைத்த பெயர், அவ்வளவுதான். குளிர்காலத்திலும் இலை உதிராது, அதனால் கிளையில் பனி தங்கும், பறவை அசைத்தால் உதிரும். கவிதைக்குத் தேவை அந்த மரம்தான்.

'அப்படியானால் பரீட்சையில் நச்சுமரம் என்று எழுதக்கூடாதா?' இது நியாயமான பயம். விடைக் குறிப்பில் அது இருக்கலாம், திருத்துபவரோடு சண்டை போட முடியாது. 'பொதுவாக நல்ல அடையாளமாகக் கருதப்படாத காகமும் ஹெம்லாக்கும் இங்கே நன்மை செய்கின்றன' என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகப் போகும். மரத்தில் விஷம் இருந்தது, கவிஞர் சாகத் துணிந்திருந்தார் என்றெல்லாம் போக வேண்டாம். அவர் ஏன் நொந்திருந்தார் என்பதற்குக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை, நாமாகக் கதை கட்டினால் மதிப்பெண் போகும்.

காகத்தைப் பற்றி உங்கள் வீட்டிலேயே பேசலாம். கைடு அதைத் துக்கத்தின் பறவை என்று சொல்லும். நம் வீடுகளில் காகம் கரைந்தால் விருந்து வரும் என்போம், அமாவாசைக்கு அதற்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். குறுந்தொகையில் 210-ஆம் பாட்டு விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடுகிறது, எழுதிய புலவருக்கே காக்கைபாடினியார் என்று பெயர். அதனால் 'காகம் என்றாலே கெட்ட சகுனமா?' என்று உங்கள் மகள் கேட்டால் அடக்காதீர்கள், நல்ல கேள்வி அது. நீங்கள் தமிழ் வழியில் படித்தது வசதி என்றேனே, இதற்காகத்தான். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்துவது என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். காகமும் மரமும் பனியும் கருப்பொருள், மனம் லேசாவது உரிப்பொருள் என்று சொல்லிப் பாருங்கள், கைடின் 'சிம்பலிசம்' பத்தியைவிட சீக்கிரம் ஏறும். ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, வாசலைத் திறக்க உதவும்.

ஒரு தகவல். 1920-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தக் கவிதை முதலில் வந்தபோது தலைப்பு 'எ ஃபேவர்', அதாவது ஓர் உபகாரம். 1923-இல் 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பில் சேர்ந்தபோது இப்போதைய தலைப்பு. பழைய தலைப்பு காகம் செய்தது உதவி என்று முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறது, புதியது பனித்தூசியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எது நல்ல தலைப்பு, ஏன் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அப்படியே நாலு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 40 முதல் 50 சொல்லில் எழுதும் குறுவினாவுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எழுதும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள்: 'கவிஞர் மிகவும் மகிழ்ச்சி அடைந்தார், முழு நாளும் இனிமையானது' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கவிதையில் இருப்பது மனநிலையில் 'ஒரு மாற்றம்', நாளில் 'ஒரு பகுதி'. மீதி நாள் பாழாகத்தான் போயிருக்கும், ஃப்ராஸ்ட் அதை மறைக்கவில்லை.

சரி, இது முடிந்ததும் பக்கத்திலேயே 'ஃபயர் அண்ட் ஐஸ்' இருக்கிறது, அதே கவிஞர், அதே தொகுப்பு. ஒன்பது வரி, மூன்று வாக்கியம். இந்த முறை நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். மூன்று வாக்கியத்துக்கும் எழுவாய் எது என்று அவளே கண்டுபிடித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும்.