வயலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே: நீங்கள் கேட்டவை

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் வேளாண் அறிவியல் நிலையங்களும் (நம் பேச்சில் கேவிகே) மண்ணைக் கெடுக்காத விவசாயத்துக்கு எந்த அளவுக்கு உதவும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நெல்லும் தென்னையும் வைத்துக்கொண்டு 20 வருடமாக அங்கே போய்வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, தென்னையில் வெள்ளை ஈ. பக்கத்துத் தோப்பில் மருந்து அடிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால் அடிக்காதே என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? – செந்தில், பொள்ளாச்சி

அடிக்காதீர்கள், தம்பி. இந்தச் சுருள் வெள்ளை ஈ 2016-ல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. அதைத் தின்று தீர்க்கும் என்கார்சியா என்ற குளவியும் கூடவே தோப்புகளில் இருந்தது. எறும்பைவிடச் சின்னது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்துவிடும்.

ஒரு கீற்றை வெட்டி அடிப்பக்கத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிறிய குஞ்சுகளுக்கு நடுவே சில மட்டும் கறுத்திருக்கும். கறுத்ததெல்லாம் குளவி குடியேறியது. அதன் முதுகில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால் குளவி பிறந்து பறந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஈ கொஞ்ச நாளில் திரும்பி வரும், குளவி வராது.

குளவி பெருகும்வரை, மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு நடுவே கட்டுங்கள். விசைத்தெளிப்பானால் ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஓலை மேல் படிகிற கரும்பூசணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சிய பசையைத் தெளிக்கலாம். வெயிலில் காய்ந்து, கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு உதிரும். பக்கத்துத் தோப்புக்காரரையும் கூட்டிப்போய் அந்தக் கறுத்த குஞ்சுகளைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

ஒரே வயல். இரண்டு தடவை மண் பரிசோதனை செய்தேன், இரண்டும் வேறு வேறு. ஆய்வகத்தை எப்படி நம்புவது? – கவிதா, மன்னார்குடி

மண் எடுத்த விதத்தை முதலில் பாருங்கள் அம்மா, பெரும்பாலும் பிழை அங்கேதான். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ எழுத்துபோல் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி (நெல்லுக்கு இது போதும்), அந்தச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். யூரியா சாக்கில் மட்டும் மண்ணைக் கொண்டுபோகாதீர்கள், முடிவு முழுக்கத் தவறாக வரும்.

கேவிகேயும் வேளாண்மைத் துறை அலுவலகமும் ஒன்றா? – முருகேசன், அரூர்

இல்லை. மானியமும் திட்டமும் துறையின் வேலை. ஆராய்ச்சியில் வந்ததை உங்கள் ஊர் மண்ணில் சோதித்துப் பார்த்துப் பயிற்சி கொடுப்பது கேவிகே. நாட்டின் முதல் கேவிகே 1974-ல் புதுச்சேரியில், கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது.

நான் இயற்கை விவசாயி. அவர்கள் உரமூட்டையைத்தானே சொல்வார்கள்? – இளங்கோ, ராசிபுரம்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ரொம்பக் காலம் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தரும் நுண்ணுயிர் உரம்), சூடோமோனாஸ் (பயிர்நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்) இதெல்லாம் நம் கைக்கு வந்ததும் அதே ஆய்வகங்கள் வழியாகத்தான். உங்கள் பக்கத்து மரவள்ளியையே பாருங்கள். அதன் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தெரிந்து, பிறகு சேலம், நாமக்கல் வயல்களையும் பிடித்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை விவசாயிகள் முன்னிலையில் விட்டார்கள். ஒரு சொட்டு விஷம் இல்லாத வைத்தியம். இதைத் தனி விவசாயி யாரும் செய்திருக்க முடியாது. அதனால் சண்டை போட்டாவது உள்ளே போய்க் கேளுங்கள், உங்கள் முறையையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

நோய் வந்த செடியைக் காட்ட எப்படிக் கொண்டுபோவது? – ரேவதி, திண்டிவனம்

இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேரோடும் கொஞ்சம் மண்ணோடும் பிடுங்குங்கள். நல்ல செடி ஒன்றையும் சேர்த்து எடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். விதை எங்கே வாங்கியது, கடைசியாக என்ன தெளித்தது, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பலர் வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.