உலகத்திலேயே பெரிய பூ எது, ரஃப்லேசியாவா டைட்டன் ஆரமா?

தனிப் பூ என்றால் ரஃப்லேசியா ஆர்னால்டிதான். சுமத்ரா, போர்னியோ காடுகளில் வேரும் இலையும் இல்லாமல், ஒரு கொடியில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டே கல்யாணத் தாம்பாளம்போல 1 மீட்டர் அகலம்வரை விரிந்துவிடும்.

டைட்டன் ஆரம் 3 மீட்டர்வரை வளரும், ஆனால் அது பூங்கொத்து. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் தண்டின் அடியில் ஒளிந்திருக்கும். நம்ம சேனைக்கிழங்கும் இதே பேரினம்தான்! சேனை பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? தரையோடு ஒட்டி, கருஞ்சிவப்பில், ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக, கிட்டப் போனால் அழுகல் நாற்றம். சுமத்ராக்காரரான டைட்டன் ஆரத்துக்கும் அதே நாற்றம், ஈக்களுக்கு அதுதான் மல்லிகை.

அப்புறம், பூங்கொத்துப் போட்டி என்றால் என் ஓட்டு தென்னிந்தியா, இலங்கையில் வளரும் தாளிப்பனைக்கே. 30 வருடத்துக்கு மேல் பொறுத்திருந்து, உச்சியில் 6 மீட்டருக்கு ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும்.