முதலில் குழாயா, சட்டமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உகாண்டாவிலிருந்து தான்சானியக் கடற்கரைக்குப் போடப்படும் எண்ணெய்க் குழாய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வளைகுடாவில் பல ஆண்டுகள் குழாய்ப் பணிகளில் இருந்த பொறியாளன் நான். குழாய் போகும் இடத்துக்குச் சாலை வருகிறது, மின்சாரம் வருகிறது, வேலை வருகிறது. இதையெல்லாம் கண்ணால் கண்டவன். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் மண்ணுக்கடியில் செல்வத்தை வைத்துக்கொண்டு, அதை எடுக்கப் பணமின்றித் தவிக்கின்றன. அன்னிய நிறுவனம் முதல் போட்டு எடுத்துக் கொடுத்தால் அதில் என்ன குற்றம்? எண்ணெயை எரித்தே பணக்காரர்களான ஐரோப்பியர்கள் இப்போது அவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறார்கள். நீங்களும் அதே குரலில் பேசியது வருத்தமாக இருந்தது. வருகிற பணத்தில் பாதி திருட்டுப் போனாலும் மீதியாவது மக்களுக்குச் சேரும் அல்லவா?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஐரோப்பியர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் குழாய்த் திட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு மே மாதம்தான் ஜெர்மனியின் சான்சலர் செனகலுக்குப் போய் அங்குள்ள எரிவாயுவைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தார். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருப்பவர்களுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பாதி போனாலும் மீதி மக்களுக்குச் சேரும் என்கிறீர்கள். அந்த மீதியைச் சட்டம் போட்டே காப்பாற்ற முயன்ற நாடு ஒன்று உண்டு. அது சாட்.

நடு ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத நாடு அது. தெற்கே டோபா வட்டாரத்தில் எண்ணெய் இருப்பது 1970-களிலேயே தெரியும். உள்நாட்டுப் போரும் கடலின் தொலைவும் அதை எடுக்கவிடவில்லை. பிறகு, கேமரூன் வழியாக அட்லாண்டிக் கரையிலுள்ள கிரிபி வரை 1,070 கிலோமீட்டர் குழாய் போடத் திட்டமிட்டார்கள். எக்ஸான்மொபில், பெட்ரோனாஸ், செவ்ரான் ஆகிய மூன்றும் கூட்டு. செலவு சுமார் 400 கோடி டாலர். அதில் உலக வங்கியின் பணம் சிறு பகுதிதான். ஆனாலும் வங்கி கூட நிற்காமல் இப்படிப்பட்ட நாட்டில் முதல் போட நிறுவனங்களுக்குத் துணிவில்லை. அதனால்தான் வங்கியால் நிபந்தனை விதிக்க முடிந்தது.

அந்த நிபந்தனை 1999-இல் சட்டமானது. நேரடி எண்ணெய் வருமானத்தில் 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறைகளுக்கான நிதிக்குப் போக வேண்டும். மீதியில் 80 விழுக்காடு கல்வி, மருத்துவம், குடிநீர், கிராம வளர்ச்சி, சாலை போன்றவற்றுக்கு. 5 விழுக்காடு டோபா வட்டாரத்துக்கு. அரசு தன் விருப்பப்படி செலவிட 15 விழுக்காடு மட்டுமே. பணம் லண்டனில் ஒரு வங்கிக் கணக்கில் விழும். தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இடம்பெற்ற கண்காணிப்புக் குழு ஒப்புதல் அளித்தால்தான் செலவு நடக்கும். நான் படித்தவற்றில், ஏழைகளின் பங்கை இவ்வளவு அக்கறையோடு எழுதிவைத்த எண்ணெய்ச் சட்டம் வேறில்லை.

எண்ணெய் ஓடுவதற்கு முன்பே முதல் விரிசல் தெரிந்தது. 2000-இல் நிறுவனங்கள் ஒப்பந்த ஊக்கத்தொகையாக 2.5 கோடி டாலர் கொடுத்தன. அதில் ஒரு பகுதியை அதிபர் இத்ரிஸ் டெபி ஆயுதம் வாங்கச் செலவிட்டார். 2003 ஜூலையில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. 2005 டிசம்பர் இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வருங்காலத் தலைமுறைகளின் நிதி ஒழிந்தது. அரசின் 15 விழுக்காடு 30 ஆனது. முன்னுரிமைத் துறைகளின் பட்டியலில், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்தில், பாதுகாப்புத் துறையும் வந்து உட்கார்ந்தது.

உலக வங்கியின் அன்றைய தலைவர் பால் வூல்ஃபோவிட்ஸ் கடன்களை நிறுத்தினார். லண்டன் கணக்கு முடக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் கிளர்ச்சிப் படை தலைநகர் என்ஜமீனாவுக்குள் புகுந்தது. பணத்தை விடுவிக்காவிட்டால் எண்ணெயை நிறுத்திவிடுவோம் என்றது டெபியின் அரசு. வங்கி இறங்கி வந்தது. 2008 செப்டம்பரில் சாட் தன் கடனை முன்கூட்டியே அடைத்தது, வங்கி திட்டத்திலிருந்து வெளியேறியது. அத்தோடு அந்தச் சட்டத்தின் கதை முடிந்தது.

இங்கேதான் உங்களிடமிருந்து நான் வேறுபடுகிறேன். குழாயை மண்ணில் புதைக்கும் வரைதான் முதல் போடுபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் நிபந்தனை விதிக்கும் பலம் இருக்கிறது. புதைத்த பிறகு யாரும் அதைத் தோண்டி எடுத்துப் போக முடியாது. எண்ணெய் விலை ஏறினால் அரசுக்கு வங்கியே தேவையில்லை. மக்களுக்கோ, அதன் பிறகு கேள்வி கேட்கக்கூட இடமில்லாமல் போய்விடுகிறது. வரியை நம்பி வாழும் அரசு ஓரளவாவது குடிமக்களுக்கு அஞ்சும். குழாயிலிருந்து வருமானம் கொட்டும் அரசு அந்தக் குழாயைக் காக்கும் படைக்குத்தான் முதலில் சம்பளம் கொடுக்கும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சாடில் சாலைகள் போடப்பட்டன, பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. சீன நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய சுத்திகரிப்பு ஆலை ஒன்று 2011-இல் தலைநகருக்கு வடக்கே இயங்கத் தொடங்கியது. ஆனால் எண்ணெய் ஓடி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். ஐ.நா.வின் மனித வளர்ச்சிப் பட்டியலில் கடைசி சில இடங்களிலேயே அது இருக்கிறது.

இதைவிடக் கொடுமை 2014-இல் நடந்தது. செவ்ரானின் பங்கை வாங்குவதற்காகச் சாட் அரசு கிளென்கோர் என்ற வணிக நிறுவனத்திடம் நூறு கோடி டாலருக்கு மேல் கடன் பெற்றது. வரப்போகும் எண்ணெயே ஈடு. அப்போது பீப்பாய் நூறு டாலருக்கு மேல். ஆறே மாதத்தில் அது பாதியாக விழுந்தது. ஏற்றுமதியான எண்ணெயில் பெரும்பங்கு கடனுக்கே போக, அரசு ஊழியர்களின் சம்பளத்தில் கை வைத்தார்கள். உங்கள் கணக்கில் உள்ள ‘மீதி’ இப்படியும் கரையும். இதில் திருட்டு எதுவும் தேவைப்படவில்லை.

நீங்கள் பொறியாளர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். எண்ணெய் எடுப்பதற்காக நிறுவனங்கள் சாடுக்குக் கொடுக்கும் உரிமத்தொகை (ராயல்டி) கிரிபி துறைமுகத்து விலையில் கணக்கிடப்படவில்லை. அதிலிருந்து குழாய்க் கட்டணத்தைக் கழித்து, கிணற்றடியில் என்ன விலை நிற்கிறதோ அதில் 12.5 விழுக்காடு. குழாயை நடத்திய நிறுவனங்களிலும் பெரும்பங்கு அதே எண்ணெய்க் கூட்டினுடையதாகத்தான் இருந்தது. உகாண்டாவின் குழாய்க்குப் பேசப்பட்ட கட்டணம் பீப்பாய்க்கு 12.77 டாலர். விலை நூறு டாலராக இருக்கும்போது இது சின்னத் தொகை. நாற்பதுக்கு இறங்கினால் யார் வயிற்றில் அடிக்கும்?

வளைகுடாவை இதோடு ஒப்பிடாதீர்கள். குவைத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு நூற்றைம்பது பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுக்கிறார்கள். உகாண்டாவில் உற்பத்தி உச்சத்தைத் தொட்டாலும் நாலரைக் கோடி மக்களில் ஆளுக்கு இரண்டு பீப்பாய்கூட வராது. சரி, பெட்ரோனாஸ் மலேசிய அரசின் நிறுவனம்தானே, அதுவும் காலனியாக இருந்த நாடுதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் மலேசியா 1974-லேயே சட்டம் இயற்றி, தன் எண்ணெய் முழுவதையும் பெட்ரோனாஸின் உடைமையாக்கிவிட்டுத்தான் அன்னிய நிறுவனங்களோடு பேச உட்கார்ந்தது.

உகாண்டாவுக்கும் கொஞ்சம் பேரம் பேசத் தெரிந்திருந்தது. ஆல்பர்ட் ஏரிப் பகுதியில் 2006-இல் எண்ணெய் கிடைத்தது, இறுதி முதலீட்டு முடிவு 2022-இல்தான் வந்தது. உள்நாட்டில் சுத்திகரிப்பு ஆலை வேண்டும் என்று அந்த அரசு நின்றதும் தாமதத்துக்கு ஒரு காரணம். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணெய்ப் பணத்துக்கென 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைத்த நிதியிலிருந்து, எண்ணெய் ஒரு சொட்டும் ஏற்றுமதியாகும் முன்பே அரசின் செலவுக்குப் பணம் எடுத்துவிட்டார்கள். சாடைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. குழாய் வழியில் நிலம் அளக்கப்பட்ட விவசாயிகளிடம் இனி காப்பி, வாழை போன்ற நீண்டகாலப் பயிர் வைக்காதீர்கள் என்றார்கள். இழப்பீடு கைக்கு வரப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. அதுவரை அந்த நிலம் அவர்களுக்கும் பயன்படவில்லை, நிறுவனத்துக்கும் பயன்படவில்லை.

முதலீடே கூடாது என்று நான் எழுதவில்லை. ஒப்பந்தங்களை மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள் என்று உகாண்டாவில் உள்ள அமைப்புகளே பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. சிலர் இதற்காகக் கைதாகியும் இருக்கிறார்கள். என் கட்டுரை அவர்கள் பக்கம் நின்று எழுதப்பட்டது.